செவிப்பறையில் ஒரு சிறு குழாய்: வீட்டில் காதைப் பேணும் விதம்



பிள்ளைகளின் காது சிகிச்சைக்கென்று நீங்கள் அனுப்பிவரும் காணிக்கைகளோடுகூட, சில மாதங்களாகப் பொட்டலங்களும் வந்து சேருகின்றன. பிரித்துப் பார்த்தால் அநேகமாகப் பஞ்சுக்குச்சிகள், கடைகளில் பட்ஸ் என்று விற்கப்படுகிறவை, நூறு நூறாகக் கட்டப்பட்டிருக்கும். "குழாய் வைத்த பிள்ளைகளின் காதைச் சுத்தம் செய்ய உதவும்" என்று ஒரு சகோதரி அன்போடு துண்டுச்சீட்டும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குச்சிகளில் ஒன்றைக்கூட நாங்கள் வார்டில் கொடுக்கவில்லை. சிஸ்டர்கள் அவற்றை அலுவலகத்து டைப்ரைட்டரின் எழுத்துகளைத் துடைக்கவும், கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தைத் துடைக்கவும் வாங்கிக்கொண்டார்கள். அன்பாய் அனுப்பியதை ஏன் அப்படிச் செய்தோம் என்று விளக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரை. எழுதுகிறவர்கள் வைத்தியர்களல்ல. வார்டிலும் வெளிநோயாளர் பெஞ்சிலும் தாய்மாரோடு உட்கார்ந்து கேட்டதையும், காது மூக்கு தொண்டை மருத்துவரும் சிஸ்டர்களும் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலாவது, இந்தக் குழாய் என்ன என்பது. பெயரைக் கேட்டவுடன் சிலர் காதுக்கு வெளியே தொங்கும் ரப்பர்க் குழாய் என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். அப்படியல்ல. கிராமெட் என்று மருத்துவர்கள் அழைக்கும் இது, நூல் சுற்றும் கண்டைப் போல இருபுறமும் விளிம்பும் நடுவே துவாரமும் உடைய ஒரு மணி. உளுந்தம்பருப்பிலும் சிறியது. அதன் துவாரம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, காதுத் துவாரத்தின் வழியாகவே நுண்ணோக்கியால் பார்த்து, செவிப்பறையில் சிறு கீறலிட்டு, உள்ளே தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்து, அந்தக் கீறலில் இந்த மணியைச் செருகிவிடுவார்கள். வெளியே வெட்டும் இல்லை, தையலும் இல்லை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஏன் செருக வேண்டும்? ஏற்காட்டு மலைக்குப் பேருந்தில் ஏறும்போது நம் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கியதும் பட்டென்று திறக்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகிற ஒரு குழல் அப்போது திறந்து காற்றை உள்ளே விடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய வைத்தியர் யூஸ்டேக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழல் என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சாய்வாக இறங்குகிறது. சிறு பிள்ளைகளுக்கோ குட்டையாகவும் ஏறக்குறையப் படுத்த வாக்கிலும் இருக்கிறது. அடிக்கடி சளி பிடித்தாலும், மூக்கின் பின்னே இருக்கும் அடினாய்டு சதை வீங்கினாலும், அந்தக் குழல் அடைபட்டுப்போகும். காற்று போகாத நடுச்செவியில் நீர் கசிந்து தேங்கி, நாளாக ஆக பசைபோல் ஆகிவிடும். பிள்ளைக்கு வலியும் இராது, சீழும் வராது. காது மட்டும் மந்தமாகும். இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டு பிறர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படி.

இத்தகைய நீர் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடும். ஆகவே மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. சாதாரணமாக மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கிறார்கள். அதன் பின்னும் வற்றாமல் கேள்வி குறைந்திருந்தால்தான் குழாயைப் பற்றிப் பேசுவார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பல வருஷங்களாகச் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்த காதுக்கு இந்தக் குழாய் சிகிச்சையல்ல. அதற்கு ஓட்டையை அடைக்கும் வேறு அறுவைச் சிகிச்சை உண்டு. காணிக்கைக் கவர்மீது "காது ஓட்டைக்குக் குழாய் வைக்க" என்று எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பார்களாக!

குழாயின் வரலாறும் சுவையானதுதான். 1860களில் வியன்னா நகரத்து ஆடம் போலிட்சர் என்ற காது வைத்தியர் கெட்டி ரப்பரால் ஒரு வளையம் செய்து செவிப்பறையில் பொருத்திப் பார்த்தார். அது நிலைபெறவில்லை. பின்னர் 1954இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பெவர்லி ஆம்ஸ்ட்ராங் என்பவர் வினைல் பிளாஸ்டிக்கால் ஆன குழாயை வைத்து, அது பயன்படுவதை எழுதி வெளியிட்டார். அதன்பின்தான் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. கப்பல்களில் கயிற்று வளையத்துக்குச் சொல்லும் பெயரே கிராமெட் என்பது. இன்று டெஃப்ளான், சிலிக்கோன் போன்றவற்றால் செய்கிறார்கள்.

நம்முடைய பகுதியில் இதற்கு ஒரு விசேஷித்த அவசரம் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து வீடுகளில் பேசப்படுவது பலவேளை தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளிக்கூடத்தில் தமிழோ ஆங்கிலமோ. தொழிற்சாலைகளையும் கல்குவாரிகளையும் செங்கல் சூளைகளையும் நாடி வந்த குடும்பங்களில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளுகின்றன. அந்த வகுப்பறையில் ஒரு பிள்ளை கூப்பிட்டதற்குத் திரும்பாவிட்டால், ஆசிரியை "இவனுக்கு மொழி தெரியவில்லை" என்று நினைத்துக்கொள்ளுகிறார். வீட்டிலோ "பிடிவாதக்காரன்" என்கிறார்கள். காது மந்தம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. புதிய மொழியைக் காதால்தானே பிடிக்க வேண்டும்! ஒரு மொழி வீட்டிலும் மற்றொன்று பள்ளியிலும் கற்கிற பிள்ளைக்கு ஓராண்டுக் கேள்விக் குறைவு என்பது இரண்டு மடங்கு இழப்பு என்றே நாங்கள் கருதுகிறோம். தமிழிலும் தெலுங்கிலும் இந்த உறுப்புக்குச் செவி என்றுதான் பெயர், கன்னடத்தில் கிவி. ஆகவே பெஞ்சில் உட்கார்ந்து காதைத் தொட்டுக்காட்டி அறிவுரை சொல்லுவதில் மொழிக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. சொன்னதை வீட்டில் மாமியாரும் பாட்டியும் ஏற்றுக்கொள்ளச் செய்வதில்தான் கஷ்டம்.

இப்போது சுத்தம் செய்யும் காரியத்துக்கு வருவோம்.

காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. தோலின் மேற்படலம் உடம்பெங்கும் இருந்த இடத்திலேயே உதிர்கிறது. காதுக்குள் மட்டும் அது நகருகிறது. செவிப்பறையின் நடுவிலே ஒரு மைப்புள்ளி வைத்துச் சில வாரங்கள் கவனித்தால், அது ஓரத்துக்கு நகர்ந்து, பிறகு காதுத் துவாரத்தின் சுவர் வழியாக வெளியே வந்துகொண்டிருப்பதைக் காணலாம். வேகம் ஏறக்குறைய நகம் வளரும் வேகந்தான், ஒரு நாளைக்கு 0.1 மில்லிமீட்டர் அளவு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தகப்பன்மாருக்கு இதைச் சொல்லும்போது, "உள்ளே ஒரு கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றால் உடனே புரிந்துகொள்ளுகிறார்கள். குறும்பி என்கிற காதழுக்கு அந்தப் பெல்ட்டின்மேல் ஏறி வெளியே வருகிறது. அது அழுக்கே அல்ல. நீர் ஒட்டாமலும் பூச்சி நுழையாமலும் கிருமி பெருகாமலும் காக்கும் மெழுகு அது. குழாயும் கடைசியில் வெளியேறுவது இதே பெல்ட்டினால்தான். அதைப் பிறகு சொல்லுகிறோம்.

பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டால் என்ன நடக்கிறது? காதுத் துவாரம் பெரியவர்களுக்கே ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. வெளியே வந்துகொண்டிருந்த குறும்பியில் கொஞ்சம் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து நமக்குத் திருப்தி. மிச்சத்தையெல்லாம் குச்சி உள்ளே தள்ளி, குழாயின் வாயில் அடைத்துவிடும். அடைபட்ட குழாய் இருந்தும் இல்லாததுபோலத்தான். பிள்ளை திடுக்கென்று தலையைத் திருப்பினால், 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ள செவிப்பறை கிழியும், குழாயும் பிடுங்கப்படும். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு, சாவி, இவற்றைப்பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. சந்தைகளிலும் பேருந்து நிலைய ஓரங்களிலும் சிறு கம்பியை வைத்துக் காது குடைந்துவிடுகிறவர்களிடம் குழாய் வைத்த பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குறும்பி கரைக்கும் சொட்டு மருந்தும் ஆகாது. செவிப்பறை முழுமையாக இருக்கிறவர்களுக்கென்று செய்யப்பட்ட அந்த மருந்து குழாய் வழியாக நடுச்செவிக்குள் இறங்கிவிடும். சிரிஞ்சால் நீர் பாய்ச்சிக் காதைக் கழுவுவதும் அப்படியே. வேறெங்காவது சிகிச்சைக்குப் போனால், "குழாய் வைத்திருக்கிறது" என்பதைப் பெற்றோர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? குளித்த பிறகு மெல்லிய துண்டின் முனையைச் சுண்டுவிரலில் சுற்றி, விரல் தானாகப் போகும் இடம்வரை, அதாவது வெளிவாயையும் மடலின் மடிப்புகளையும் மாத்திரம், துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் செய்யாமலிருப்பதே சுத்தம். இதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு! ஏதாவது ஒன்றைச் செய்தால்தான் பிள்ளைமேல் அக்கறை என்று எண்ணுகிற தாயிடம், "கையை வைக்காதிருங்கள், அம்மா" என்று சொல்லுவது எளிதல்ல.

அடுத்ததாக எண்ணெய். நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால், தலைக்கு வைத்தபின் காதிலும் இரண்டு சொட்டு விடுவது வழக்கம். வலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெற்றிலைச் சாறு, துளசிச் சாறு, தாய்ப்பால் என்று ஊருக்கு ஊர் ஒரு கைவைத்தியம். பாட்டிமாரை நாங்கள் ஒருபோதும் பரியாசம் பண்ணுவதில்லை. குறையில்லாத செவிப்பறை ஒரு மூடிய கதவு. அதற்கு வெளியே விட்ட எண்ணெய் வெளியேயே நின்றிருக்கும், அதனால் அநேகருக்குத் தீங்கு தெரியாமல் போயிருக்கலாம். குழாய் வைத்த காதில் அந்தக் கதவில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. விட்டது உள்ளே போகும், உள்ளே போனது எளிதில் திரும்பாது. இப்படிச் சொன்னால் பாட்டிமாரே மற்றவர்களைக் கண்டிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கலாம், காதுக்குள் மாத்திரம் வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டியபின் காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவதையும் விட்டுவிட வேண்டும்.

தண்ணீரைப்பற்றி அநேகர் கேட்கிறீர்கள். முன்காலத்தில் குழாய் வைத்த காதில் ஒரு துளி நீரும் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவந்தார்கள். இப்போது அந்தக் கண்டிப்பு தளர்ந்திருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரத்தில் சுமார் 200 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நீர் படும்போதெல்லாம் காதடைப்பான் அணிந்த பிள்ளைகளுக்கும் அணியாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. ஒரேயொரு முறை காது ஒழுகுவதைத் தடுக்க ஒரு பிள்ளை ஏறக்குறைய மூன்று ஆண்டு அடைப்பான் அணிய வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2013இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டியும், எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகக் காதடைப்பான் தேவையில்லை என்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. 1 மில்லிமீட்டர் துவாரத்தில் சுத்தமான நீர் அவ்வளவு எளிதாக நுழையாது. நீரின் மேற்பரப்பு ஒரு தோலைப்போல இழுத்துப் பிடித்திருக்கும். நல்ல குடைத்துணியில் மழை நிற்பது இதனால்தான். ஆனால் சோப்பு கலந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஷாம்பூவும் அப்படியே. சீயக்காயிலும் நுரை தரும் சாரம் இருப்பதால் அதுவும் அப்படியே, "இயற்கையானது" என்பதால் விலக்கு கிடையாது. ஆகவே தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில், சிறு பஞ்சுருண்டையில் வாசலின் தடவி, காதின் வெளிவாயில் மூடிபோல் வைத்துவிட்டு, குளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். உள்ளே திணிக்கக் கூடாது. எடுக்க மறந்து நாள்முழுதும் விட்டுவைத்தாலும் கெடுதி, ஈரமும் சூடும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்க வழியாகும். சோப்பு நுரை நிறைந்த டப்பில் பிள்ளையை உட்காரவைத்துத் தலையை முழுக்குவதும் வேண்டாம்.

மேற்சொன்ன ஆய்வு மருந்திட்ட நீச்சல் குளங்கள் உள்ள ஊரில் செய்யப்பட்டது என்பதை நாங்கள் மறக்கவில்லை. நம் பிள்ளைகள் குதிப்பது விவசாயக் கிணற்றிலும் ஏரியிலும் தென்பெண்ணையிலும். பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் அந்த ஆறு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்நுரையாய்ப் பொங்கி நிற்கும் படங்களை நீங்கள் பலமுறை செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். அந்த நுரையே அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆகவே ஏரி, ஆறு, கிணறு, இவற்றில் குழாய் இருக்கும் காலமட்டும் தலை முழுக வேண்டாம் என்றே இங்கே சொல்லப்படுகிறது. ஆழத்தில் முழுகினால் நீரின் அழுத்தமே துவாரத்தின் வழியாகத் தள்ளிவிடும், எவ்வளவு சுத்தமான நீரானாலும். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிப்பதற்கோ, மழையில் நனைவதற்கோ பயப்படத் தேவையில்லை.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில பிள்ளைகளுக்குச் சளி பிடித்த நாட்களில் காது ஒழுகும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள் சிறிது நீரோ, இரத்தம் கலந்த கசிவோ வருவது சாதாரணம். பின்னால் ஒழுகினால், குழாய் கெட்டுப்போயிற்று என்று தாய்மார் அழுகிறார்கள். நேர்மாறாக, உள்ளே தேங்கி நின்று வலியும் காய்ச்சலும் கொடுத்திருக்க வேண்டிய சீழ் வெளியே வர வழி கிடைத்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

இங்கேதான் திரி பிரயோசனப்படுகிறது. நன்றாகத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணியிலோ, மருந்துக்கடைப் பஞ்சிலோ, விளக்குத் திரி திரிப்பதுபோல் ஒரு சிறு திரி செய்து, காதின் வாயில் மெதுவாக வைத்து, அது ஈரத்தை உறிஞ்சும்வரை விட்டு எடுக்க வேண்டும். பிறகு புதிய திரி. காய்ந்த திரி வரும்வரைக்கும் இப்படியே. ஒரு நாளைக்கு மூன்று தரமாவது. உலக சுகாதார நிறுவனம் சீழ் வடியும் காதுக்குச் சொல்லும் முறையும் இதுவே. குச்சி சேர்ந்தால் தள்ளும், திரி உறிஞ்சும். நெய் விளக்குக்கும் குத்துவிளக்குக்கும் திரி திரித்துப் பழகிய கைகள் இதை எங்கள் சிஸ்டர்களைவிட அழகாகச் செய்கின்றன.

காது காய்ந்த பிறகே மருந்து. பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் வகைச் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். அது நடுச்செவிக்குள் இறங்கினாலும் கேள்விக்குத் தீங்கில்லை. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த பழைய சொட்டு மருந்துகள் அப்படியல்ல. அவை உட்செவியின் நரம்பு அணுக்களைத் தாக்கக்கூடியவை. போன வருஷம் அண்ணனுக்கு வாங்கின மருந்தை இந்த வருஷம் தம்பிக்கு விடுவது நம் வீடுகளில் வெகு சாதாரணம், அதுதான் எங்களுக்குப் பயம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் காதுக்குள் விடலாகாது.

விடும் விதத்தையும் சொல்லுகிறோம், ஏனெனில் பாதிப்பேர் விடும் மருந்து துவாரத்துக்கு வெளியேயே நின்றுவிடுகிறது. மருந்துப் புட்டியைச் சில நிமிஷம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் மருந்தும் ஜில்லென்று இருக்கும். குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் தலை சுற்றிப் பிள்ளை வாந்தியெடுக்கும், அதற்கப்புறம் புட்டியைக் கண்டாலே ஓடும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூன்று வயதுக்கு மேற்பட்டதானால் காதுமடலை மேலும் பின்னுமாக, அதற்குட்பட்டதானால் கீழும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, சொன்ன அளவு சொட்டை விட வேண்டும். பிறகு காதுத் துவாரத்துக்கு முன்னே கன்னத்தையொட்டி இருக்கும் சிறு மேட்டை நான்கைந்து முறை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அது பம்பு போல மருந்தைக் குழாய்க்குள் தள்ளும். சில நிமிஷம் அப்படியே படுத்திருக்கட்டும். "தொண்டையில் கசக்குது" என்று பிள்ளை முகஞ்சுளித்தால், சந்தோஷப்படுங்கள். மருந்து குழாயைக் கடந்து, நடுச்செவியைக் கடந்து, யூஸ்டேஷியன் குழல் வழியாகத் தொண்டை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது! மருத்துவர் சொன்ன நாளுக்குமேல் சொட்டு மருந்தைத் தொடர்ந்தால் பூஞ்சணம் வளரும். ஆகையால் "மிச்சமிருக்கிறது, தீரட்டும்" என்று விடக் கூடாது.

ஒழுகுவது ஒரு வாரத்துக்குமேல் நிற்காவிட்டாலும், இரத்தம் வந்தாலும், காய்ச்சலும் கடுமையான வலியும் கண்டாலும், காதின் பின்னே வீங்கிச் சிவந்தாலும், தலைசுற்றினாலும், திரும்பவும் கேள்வி மந்தமானாலும் தாமதமின்றி வர வேண்டும். காதின் பின்புற வீக்கத்துக்கு மறுநாள் என்று தவணை சொல்லவே கூடாது.

காது நோய் நம் கிராமங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1990களில் செய்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்லலாம். தென்னிந்தியக் கிராமத்துப் பிள்ளைகள், 6 முதல் 10 வயதுவரை, ஏறக்குறைய 900 பேரைப் பரிசோதித்ததில், 100க்கு 6 பேருக்கு நாட்பட்டுச் சீழ் வடியும் காது இருந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையோ, பிள்ளைகளின் கேள்விக் குறைவில் ஏறக்குறைய 60 சதவீதம் தடுக்கத்தக்க காரணங்களால் வருவது என்கிறது. தடுக்கும் வழிகள் பலவும் வீட்டிலேயே இருக்கின்றன. தாய்ப்பால் கொடுப்பது, படுக்கவைத்துச் சங்கிலோ புட்டியிலோ பால் புகட்டாமல் தலையை உயர்த்திப் புகட்டுவது, விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் பிள்ளையிடம் வராமல் பார்ப்பது. நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி 2021 முதல் அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடுச்செவி அழற்சியை உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் அது ஒன்று. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழு காதையும் பார்க்கிறது. கிருஷ்ணகிரியிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்போல எல்லாவற்றுக்கும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. "அரசாங்கத்திலேயே இருக்கும்போது நீங்கள் எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் அங்கே அனுப்புகிறவர்களும் அநேகர், அதில் எங்களுக்கு வெட்கமில்லை.

உண்மையில் எங்களுக்குக் கவலை தருவது அறுவைச் சிகிச்சையல்ல, அதன் பின்வரும் மாதங்களே. குழாய் இருக்கும் காலமெல்லாம் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்ட வேண்டும். சூளையிலும் கட்டடத்திலும் வேலை செய்கிற குடும்பம் ஆறு மாதம் ஒரே ஊரில் இருப்பதில்லை. கைபேசி எண்ணும் மாறிவிடுகிறது. பிள்ளையின் கேள்வி திரும்பியதும், எல்லாம் சரியாயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள். சரியான கேள்விதான் அவர்களைத் திரும்ப வராமல் தடுக்கிறது என்று சொல்லலாம்! இதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை கொடுக்கப்படுகிறது. எந்தக் காதில், எந்தத் தேதியில் குழாய் வைக்கப்பட்டது, எந்த மருந்து ஆகாது என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதில் எழுதியிருக்கும். வேறு ஊரில் எந்த வைத்தியரிடம் காட்டினாலும் போதும். பொட்டலம் அனுப்ப விரும்புகிறவர்கள் பட்ஸ் குச்சிக்குப் பதிலாக மருந்துக்கடைப் பஞ்சுச் சுருளும் சிறு வாசலின் டப்பாக்களும் அனுப்பலாம். மறுபரிசோதனைக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடுகிறது என்பதால் பேருந்துக் கட்டணத்துக்கு உதவுவதும் நல்லது.

குழாய் என்றென்றும் இருப்பதில்லை. நாம் சொன்ன அந்தப் பெல்ட் அதை மெல்ல மெல்லத் தள்ளி, பெரும்பாலும் 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் செவிப்பறையை விட்டு வெளியேற்றும். பின்னால் துவாரம் தானாக மூடிக்கொள்ளும். நூறில் இரண்டொரு பிள்ளைக்கு மூடாமல் நின்றுவிடலாம், அதைப் பிற்காலத்தில் அடைக்க வழி உண்டு. செவிப்பறையில் வெண்மையான தழும்பு ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், சாதாரணமாக அது கேள்வியைக் குறைப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு நீர் மறுபடியும் சேர்ந்து, இரண்டாவது முறை குழாய் வைக்க நேரிடும். அப்போது அடினாய்டையும் எடுத்துவிடலாமா என்று மருத்துவர் யோசிப்பார்.

விழுந்த குழாயைத் தலையணையிலோ குறும்பியோடோ கண்டெடுத்து, காகிதத்தில் மடித்துப் பத்திரமாகக் கொண்டுவந்து "இதைத் திரும்ப வைத்துவிடுங்கள்" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. அதைத் திரும்ப வைக்க முடியாது, கொண்டுவர வேண்டியதுமில்லை. பிள்ளையைத்தான் கொண்டுவர வேண்டும். துவாரம் மூடிற்றா என்று பார்த்து, ஒலி புகாத அறையில் உட்காரவைத்து, இரு காதுக்கும் கேள்விப் பரிசோதனை செய்து, தேதியை அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அந்தக் காதுக்கு ஏரியில் முழுகவும் கிணற்றில் குதிக்கவும் அனுமதி.